பாடம் வீட்டுக்கு வந்துவிட்டது, சான்றிதழ்?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் நடக்கும் காட்சி இது. பத்தாவது படிக்கும் பையனையோ பெண்ணையோ முன்னால் நிறுத்தி, "என்ன படிக்கப் போகிறாய்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன் அம்மா "டாக்டர்" என்பார். "நீட் பரீட்சைக்கு ஆன்லைனில் சேர்த்துவிட்டோம்" என்று அப்பா முடித்து வைப்பார். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. எல்லோரும் பந்திக்குப் போய்விடுவோம்.

சில வருடங்களுக்கு முன்புவரை நானும் அந்தத் திருப்தியோடு பந்திக்குப் போனவன்தான். இப்போது அப்படிப் போக முடியவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டிலேயே நடந்தது. இங்கிருக்கும் மற்றக் குடும்பங்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கல்வியாளன் அல்லன். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து சிவில் டிப்ளமோ சர்ட்டிபிகேட்டோடு 1979-ல் மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். ஆம்லா, இடார்சி, அஜ்னி என்று சுற்றி, சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக 2017-ல் ஓய்வு பெற்று, நாகபுரியிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன்.

தொலைவிலிருந்து படிப்பது எனக்குப் புதிதல்ல. டிப்ளமோக்காரன் டிகிரிக்காரனுக்குச் சமமாக வேண்டுமானால் அந்தக் காலத்தில் ஒரே வழி ஏ.எம்.ஐ.இ. பரீட்சைதான். ஆம்லா குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு தபாலில் பாடம் வரவழைத்துப் படித்தேன். பகலெல்லாம் டிராலியில் லைன் பார்த்துவிட்டு, இரவு விளக்கடியில் கணக்குப் போடுவேன். ஒரு கணக்கு புரியவில்லையென்றால் கேட்க ஆளில்லை. சந்தேகத்தை எழுதித் தபாலில் போட்டால் பதில் வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் கேள்வியே மறந்துவிடும். 'ஏ' பிரிவைத் தாண்டினேன். 'பி' பிரிவை முடிக்கவில்லை. அந்தக் குறை இன்றும் உண்டு.

ஆகவே, ஆன்லைன் பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2020-ல் கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது கோச்சிங் வகுப்புகளெல்லாம் வீட்டுத் திரைக்கு வந்தன. அதுவரை கோட்டாவுக்கு அனுப்பினால்தான் டாக்டர் ஆகலாம் என்று நம்பிய குடும்பங்களுக்கு அது ஒரு விடுதலை. பதினைந்து வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் தனியே விடவேண்டாம். ஃபாக்டரி காலனியிலும் சின்ன ஜங்ஷனிலும் இருக்கும் நம்மவர் பிள்ளைக்கும் நல்ல ஆசிரியரின் பாடம் கிடைக்கிறது. புரியவில்லையென்றால் திரும்பப் போட்டுக் கேட்கலாம். எனக்கு மூன்று வாரமான பதில், இன்று மூன்று நிமிடத்தில் வருகிறது.

இதற்குப் பெரும் பணம் கொட்டவும் வேண்டியதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2023-ல் 'சாத்தி' என்ற இணையதளத்தைத் தொடங்கின. நீட்டுக்கான பாடங்களும் மாதிரித் தேர்வுகளும் அதில் இலவசம். நீட்டுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 180 கேள்விகளில் உயிரியல் மட்டும் 90. அதாவது 720 மதிப்பெண்ணில் 360. அந்தப் பாதியை என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி வரியாகப் படித்தே பெருமளவு எட்டலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இது தெரியாமல், ஒரு நண்பர் வருடக் கட்டணம் முழுவதையும் ஒரு நிறுவனத்தின் பேச்சை நம்பிக் கடனாக எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் பையன் வகுப்பை விட்டுவிட்டான். தவணை அவரை விடவில்லை. கையெழுத்துப் போடுமுன், பாதியில் நின்றால் என்ன திரும்ப வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி என் வீட்டுக் கதை.

என் மகள் வயிற்றுப் பேத்தி கெட்டிக்காரி. மாப்பிள்ளை கும்பகோணம் பக்கத்துக்காரர். வேலைக்காக மத்தியப் பிரதேசத்தில் சத்னாவுக்கு வந்து, அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் பல வருடம் இருந்தார். பேத்தி பத்தாவது வரை அங்கேதான் படித்தாள். பிறகு மாப்பிள்ளைக்குப் புட்டிபோரியில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பம் நாகபுரிக்கு வந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் இங்கே. பள்ளி முடிந்து வந்ததும் என் வீட்டு முன்னறையில்தான் ஆன்லைன் வகுப்பு. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அவளுக்குக் காபி, எனக்குக் காபி. பாடத்தில் ஒரு குறையும் இல்லை. நீட் எழுதினாள். நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

அதற்குப் பிறகுதான் கேள்வி வந்தது: இவள் எந்த மாநிலத்துப் பிள்ளை?

மகாராஷ்டிரத்தின் ஒதுக்கீட்டில் சேர டொமிசைல் சர்ட்டிபிகேட்டோடு, பத்தாவதும் பன்னிரண்டாவதும் மகாராஷ்டிரத்திலேயே தேறியிருக்க வேண்டும் என்பது பொது விதி. மத்திய அரசு ஊழியர் பிள்ளைகள் போன்ற சிலருக்குத் தளர்வு உண்டு. மாப்பிள்ளை தனியார் கம்பெனி. அந்தத் தளர்வு இல்லை. பத்தாவது சத்னாவில் என்பதால் இந்தக் கதவு மூடிக்கொண்டது. ஊரைவிட்டு வந்துவிட்டதால் மத்தியப் பிரதேசமும் கைவிட்டது. மிஞ்சியது தமிழ்நாடு. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே விண்ணப்பிக்க நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட்டும் பெற்றோரின் ஆவணங்களும் வேண்டும்.

மாப்பிள்ளை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஓடினார். கிராம நிர்வாக அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். "சார், உங்கள் ஆதாரில் நாகபுரி. ரேஷன் கார்டு இங்கே இல்லை. வீடும் கைமாறிவிட்டது. நான் எதைப் பார்த்து எழுதுவது?" அவர் கேட்டதில் தவறில்லை. மாப்பிள்ளையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அவருடைய தகப்பனாரின் பழைய பட்டா நகல், பேத்தியின் பிறப்புச் சான்று என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்துச் சான்றிதழ் கையில் வந்தபோது, விண்ணப்பிக்கும் கடைசி நாள் போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

இடம் கிடைத்திருக்குமா என்று தெரியாமலே இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். கலந்தாய்வு முடிந்ததும் நான்தான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய பிரிவில் அரசுக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையைவிட இவளுக்குப் பதினொரு மதிப்பெண் அதிகம்.

இதில் யாரைக் குறை சொல்வது? என்னைத்தான். சத்னாவில் குடித்தனம் வைத்தபோது, "மாப்பிள்ளை, வாழ்கிற ஊரில் பேர் இருந்தால் போதும், ஊரில் இருக்கிற கார்டிலிருந்து பேரை எடுத்துவிடுங்கள்" என்று புத்தி சொன்னவன் நான். பெரியவர் சொல்கிறாரே என்று அவர் செய்தார். பத்தாவது முடியுமுன் மாற்றலாகி வந்தால் நல்லதா, முடித்துவிட்டு வந்தால் நல்லதா என்று அவர்கள் கேட்டபோதும், "நடுவில் பள்ளி மாற்றாதீர்கள், பத்தாவது அங்கேயே முடியட்டும்" என்றவனும் நான்தான். இரண்டுமே நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைகள். நல்லெண்ணம் விண்ணப்பத்தோடு இணைக்கக்கூடிய ஆவணம் அல்லவே.

இன்னொரு வருடம் எழுதலாம் என்று நாங்கள் சொன்னோம். அவள் மறுத்துவிட்டாள். "தாத்தா, பாடத்தில் நான் தோற்கலை. இன்னொரு வருஷம் அந்த ஸ்கிரீன் முன்னாடி உட்கார என்னால முடியாது." இப்போது இங்கேயே பிசியோதெரபி படிக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள். என் முழங்காலுக்கு அவள்தான் பயிற்சி சொல்லித் தருகிறாள். ஆனால் அது அவள் முதலில் கேட்ட படிப்பு அல்ல.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. மருத்துவப் படிப்புக்கான வாசல்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை நம் குடும்பங்களில் பலர் பன்னிரண்டாவது முடிந்த பிறகே விசாரிக்கிறோம். விசாரிக்கவேண்டிய வயது எட்டாம் வகுப்பு. என் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

வாசல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, அகில இந்திய ஒதுக்கீடு. ஒவ்வொரு மாநிலத்து அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் இதில் சேரும். 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் வேர்விட்ட ஏற்பாடு இது. எய்ம்ஸ் கல்லூரிகளுக்கும் ஜிப்மருக்கும் 2020 முதல் நீட் மதிப்பெண்தான். இங்கே நாகபுரியிலேயே 2018 முதல் எய்ம்ஸ் நடக்கிறது. இவற்றில் பெரும்பாலான இடங்களுக்கு எந்த மாநிலம் என்று கேட்க மாட்டார்கள். மாற்றலாகிக்கொண்டே இருக்கும் நம் போன்றோருக்கு இதுதான் பிரதான வாசல்; ஆனால் நாடு முழுவதும் இங்கேதான் முட்டி மோதுகிறது. 2025-ல் 22 லட்சம் பேருக்கு மேல் நீட் எழுதினார்கள். எம்.பி.பி.எஸ். இடங்கள் மொத்தம் சுமார் 1,20,000. ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில்.

இரண்டாவது, மாநில ஒதுக்கீடு. மீதி 85 சதவீதம். இங்கேதான் இருப்பிடமும் படித்த பள்ளியும் கேட்கப்படும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. அதுவும் வருடத்துக்கு வருடம் மாறலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இருப்பிட ஒதுக்கீடு செல்லாது என்றதே என்று சிலர் கேட்கிறார்கள். அது மருத்துவ மேற்படிப்புக்குச் சொன்ன தீர்ப்பு. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். மாநிலம் கேட்க மாட்டார்கள். பணம் கேட்பார்கள். சில இடங்களில் வருடத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல். பென்ஷன்காரனின் பேரப்பிள்ளைக்கு அந்த வாசல் திறந்திருந்தும் மூடியதுதான்.

சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் பெற்ற சான்றை வைத்து மகாராஷ்டிரத்தின் மாநில ஒதுக்கீட்டில் சலுகை கேட்க முடியாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கே குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகை தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. அகில இந்திய ஒதுக்கீட்டிலோ, பிற்படுத்தப்பட்டோருக்கு 2021 முதல் 27 சதவீதம் இருக்கிறது. அதற்கு மத்தியப் பட்டியலில் நம் வகுப்பு இருக்கவேண்டும், மத்திய அரசு படிவத்தில் கிரீமி லேயர் இல்லையென்ற சான்றும் வேண்டும். ஊர்த் தாசில்தார் கொடுத்த பழைய அட்டையை லாமினேட் செய்து வைத்துக்கொண்டு, எல்லாம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் நம்மில் அநேகர்.

மொழியையும் சொல்லவேண்டும். நீட்டில் தமிழ் உண்டு என்று கேட்டு, வீட்டில் தமிழ் கற்ற பிள்ளை தமிழிலேயே எழுதலாமே என்று ஒரு தாய் என்னிடம் ஆசையாகச் சொன்னார். தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில்தான் கொடுக்கப்படுகிறது. நாகபுரியில் எழுதும் பிள்ளைக்கு ஆங்கிலம், இந்தி, மராத்தி, உருது.

அடுத்து, ஆன்லைன் படிப்பால் வந்த ஒரு புதிய ஆபத்து. 'டம்மி ஸ்கூல்' என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. பெயர் ஒரு பள்ளியில். பிள்ளை வீட்டில், திரை முன்னால். வருகைப் பதிவை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த மாநிலத்தில் போட்டி குறைவோ அந்த மாநிலத்துப் பள்ளியில் பெயரை மட்டும் போடுகிறார்கள். நம் மாநிலச் சிக்கலுக்கு இது குறுக்கு வழி என்று நம்மவர் சிலரும் யோசிப்பது என் காதுக்கு வந்தது. தயவுசெய்து வேண்டாம். சி.பி.எஸ்.இ. 75 சதவீத வருகையைக் கட்டாயமாக வைத்திருக்கிறது. 2024-ல் இந்த மாதிரி முறைகேடுகளுக்காகப் பல பள்ளிகளின் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. பள்ளியின் அங்கீகாரம் போனால் பிள்ளையின் பன்னிரண்டாவது என்ன ஆகும்? காகிதம் இல்லாமல் நாங்கள் ஒரு இடத்தை இழந்தோம். பொய்க் காகிதத்தால் படிப்பையே இழக்கலாம்.

சட்டத்தை விடுங்கள். தவளையையும் பூவையும் நுண்ணோக்கியையும் தொடாமல், படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை நாளை நோயாளியைத் தொடப்போகிறது. என் வேலையில், தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்துச் சொன்னவனை நான் நம்பியதில்லை. நடந்து போய்ப் பார்த்தவனைத்தான் நம்பினேன். எம்.பி.பி.எஸ். படிப்பையே ஆன்லைனில் முடிக்க வழியில்லை என்பதும் அதனால்தான். கொரோனா காலத்திலும், 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பின்பும், வெளிநாட்டு மருத்துவப் படிப்பின் ஒரு பகுதியை வீட்டிலிருந்து ஆன்லைனில் படித்த நம் நாட்டுப் பிள்ளைகள், இங்கே கூடுதல் பயிற்சிக் காலம் செய்யவேண்டி வந்து பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. வெளிநாடு அனுப்ப நினைப்பவர்கள் அதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். வெளிநாட்டில் படிக்கவும் நீட்டில் தேறியிருக்கவேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஓய்வு பெற்றவர்களின் வழக்கம் என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். ஆகவே நான்கு யோசனைகள்.

ஒன்று. பிள்ளை எட்டாவது வந்ததும் ஒரு ஃபைல் போடுங்கள். பிறப்புச் சான்று, அப்பா அம்மாவின் பள்ளிச் சான்றுகள், ஊரில் நிலமோ வீடோ இருந்தால் அதன் நகல், சாதிச் சான்று, வேலை மாற்றல் உத்தரவுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். இந்தப் பிள்ளை எந்த மாநில ஒதுக்கீட்டில் நிற்கப் போகிறது என்று அப்போதே முடிவு செய்யுங்கள். மகாராஷ்டிரம் என்றால் பத்தாவதற்கு முன்பே இங்கே வந்துவிடவேண்டும். தமிழ்நாடு என்றால் நேட்டிவிட்டிக்கு வேண்டிய ஆதாரங்களைப் பன்னிரண்டாவது தொடங்குமுன்பே திரட்டவேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கோயிலுக்கு ஒரு நாள் என்றால் தாலுகா ஆபீசுக்கும் ஒரு நாள் வையுங்கள்.

இரண்டு. பாடம் திரையில் நடக்கட்டும். தேர்வு காகிதத்தில் நடக்கட்டும். 2025-ல் நீட் பேனாவால் வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளில்தான் நடந்தது. மூன்று மணி நேரம், பிற்பகல் 2 முதல் 5 வரை. தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். வீட்டில் சோபாவில் சாய்ந்தபடி மாதிரித் தேர்வு எழுதிப் பழகிய பிள்ளைக்கு மே மாத வெயிலில் அந்த மூன்று மணி நேரம் தாங்காது. மாதம் இரண்டு ஞாயிறு பிற்பகல் நம் சங்க மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே வரிசையாக மேஜை போட்டு, தாளில் எழுத வைக்கலாம். மேற்பார்வைக்கு என்னைப் போன்றவர்கள் சும்மாதான் இருக்கிறோம்.

மூன்று. நம் குடும்பங்களிலிருந்து மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மாதம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் போதும். சந்தேகத்தைத் தீர்க்க மட்டுமல்ல. "எனக்கும் அந்தப் பாடம் வரவில்லை, பிறகு வந்தது" என்று சொல்ல ஒரு மனிதர் எதிரில் வேண்டும். ஆம்லாவில் எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் 'பி' பிரிவை முடித்திருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

நான்கு. இது பெற்றோருக்கு. டாக்டர் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம், ஆயுர்வேதம், ஆய்வகத் தொழில்நுட்பம் என்று பக்கத்திலேயே எத்தனையோ படிப்புகள். ஒரு வருடம் மீண்டும் எழுதுவதா, வேறு படிப்புக்குப் போவதா என்பதைப் பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். என் பேத்தி முடியாது என்று சொன்ன அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால், எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தன் அளவு தெரிந்திருந்தது.

சங்கத்தின் செயற்குழுவை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், சங்க அலுவலகத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் ஒதுக்குங்கள். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளின் ஃபைலைப் பார்த்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். விதிகளைச் சரிபார்க்க அந்தந்த மாநிலங்களின் அதிகாரபூர்வ விளக்கக் குறிப்பேட்டை ஒவ்வொரு வருடமும் எடுத்து வைப்பேன். சம்பளம் வேண்டாம், ஒரு டம்ளர் காபி போதும்.

அடுத்த பொங்கலுக்கும் பிள்ளையை நிறுத்தி, என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்போம். அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால் இந்த முறை பதில் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும். அப்பா அம்மாவிடம் நான் வேறொரு கேள்வி கேட்பேன்: "ஃபைல் போட்டாயிற்றா?"